திகில், அறிவியல் புனைகதை எழுத்தாளரின் விக்கிப்பீடியா பக்கத்தைத் திருத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத்தாளர் பக்கம் ஒன்றைத் திருத்த வருபவர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தாளரின் தீவிர வாசகர்கள். நினைவில் இருப்பதை மளமளவென்று தட்டச்சு செய்து வெளியிட்டுவிடுகிறார்கள். சான்றைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். தேடி முடிப்பதற்குள் வேறொருவர் அந்தத் திருத்தத்தை நீக்கிவிடுகிறார். புதியவர் மனம் நொந்து போய்விடுகிறார்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். முதலில் சான்று, அடுத்து வரைவு, கடைசியில் வெளியீடு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு எழுத்தாளர்கள். ஒருவர் சுஜாதா. பெங்களூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், அறிவியல் புனைகதையும் திகிலும் எழுதியவர், ரசிகர்கள் அதிகம் என்பதால் பக்கத்தில் நெரிசலும் அதிகம். மற்றவர் அமெரிக்கத் திகில் எழுத்தாளரான எச். பி. லவ்கிராஃப்ட். இவரைப் போன்றவர்களைப் பற்றித் தமிழில் எழுத வேண்டுமென்றால் ஆங்கிலத்திலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டிலும் தடுக்கி விழும் இடங்கள் வேறு வேறு.

1. உட்காருவதற்கு முன்

கணக்கு தொடங்குங்கள். கணக்கில்லாமலும் தொகுக்கலாம். ஆனால் கணக்கு இருந்தால்தான் கவனிப்புப் பட்டியலும் (நீங்கள் தேர்ந்த பக்கங்களில் நடக்கும் மாற்றங்களைக் காட்டுவது) உங்களுக்கென ஒரு மணல்தொட்டியும் (வரைவு எழுதிப் பார்க்கும் தனிப் பக்கம்) கிடைக்கும், மற்றவர்கள் உங்களோடு தொடர்ந்து பேசவும் முடியும். ஒரே கணக்கு தமிழ், கன்னட, ஆங்கில விக்கிப்பீடியாக்களிலும், படங்களைச் சேமிக்கும் பொதுவகத்திலும், தரவுகளைச் சேமிக்கும் விக்கித்தரவிலும் செல்லும். பதிப்பகம், வாசகர் வட்டம் போன்ற அமைப்பின் பெயரைப் பயனர் பெயராக வைக்காதீர்கள். விளம்பரக் கணக்கு என்ற சந்தேகம் முதல் நாளே வந்துவிடும்.

பெங்களூரில் ஐடி வேலையில் இருப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது அலுவலக மடிக்கணினியில்தான். விபிஎன் வழியாகப் போனால் "உங்கள் முகவரி தடுக்கப்பட்டுள்ளது" என்று வரும். திறந்த பதிலிகளையும் (ப்ராக்ஸி) பல விபிஎன் முகவரிகளையும், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா மொத்தமாகத் தடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் தவறு ஏதும் செய்யவில்லை. விபிஎன்னை அணைத்துவிட்டு வீட்டு இணைப்பில் உள்நுழைந்து பாருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய எந்த விசைப்பலகையும் சரிதான். விக்கிப்பீடியாவுக்குள்ளேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறைகள் உண்டு. பெட்டிக்குள் சுட்டியை வைத்து கன்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும்.

ஓர் எழுத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: ஸ்ரீ. இது யுனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஸ என்ற எழுத்தில் தொடங்கி ஒன்று, ஶ என்ற எழுத்தில் தொடங்கி இன்னொன்று. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். சுஜாதா பக்கத்தில் ஸ்ரீரங்கம் பலமுறை வரும். ஒரு வடிவத்தில் இணைப்புக் கொடுத்து, கட்டுரைத் தலைப்பு இன்னொரு வடிவத்தில் இருந்தால் இணைப்பு சிவப்பாக நிற்கும். கட்டுரை இல்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடாதீர்கள். இருக்கும் தலைப்பை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்.

2. மூன்று இடங்களைப் படியுங்கள்

கட்டுரையை மட்டும் படித்துவிட்டுத் தொகுக்கத் தொடங்க வேண்டாம். உரையாடல் பக்கம், வரலாறு இரண்டையும் திறங்கள்.

நீங்கள் சேர்க்க நினைக்கும் தகவலைப் பற்றி ஏற்கெனவே விவாதம் நடந்து முடிந்திருக்கலாம். அது உரையாடல் பக்கத்தில் இருக்கும். அந்தத் தகவல் முன்பு சேர்க்கப்பட்டு நீக்கப்பட்டிருந்தால் வரலாற்றில் தெரியும், நீக்கியதன் காரணமும் தொகுப்புச் சுருக்கத்தில் (ஒவ்வொரு திருத்தத்தோடும் எழுதும் ஒரு வரிக் குறிப்பு) இருக்கும். "சான்றில்லை" என்று நீக்கியிருந்தால் சான்றோடு திரும்பக் கொண்டுவரலாம். "தவறான தகவல்" என்றிருந்தால் முதலில் உரையாடலில் பேச வேண்டும்.

பெயரையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். சுஜாதா என்ற பெயரில் நடிகை உண்டு, பாடகி உண்டு. எழுத்தாளர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது [[சுஜாதா (எழுத்தாளர்)|சுஜாதா]] என்று செங்குத்துக் கோடு போட்டுக் கொடுத்தால் வாசகர் கண்ணுக்குப் பெயர் மட்டும் தெரியும், இணைப்பு சரியான பக்கத்துக்குப் போகும். இதைவிட மோசமான குழப்பம் இயற்பெயரில் நடக்கிறது. சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். குமுதத்தில் பணியாற்றிய ரா. கி. ரங்கராஜன் வேறொருவர், அவரும் தொடர்கதைகள் எழுதிக் குவித்தவர். ஒருவருடைய நூலை மற்றவர் பட்டியலில் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும்.

3. சான்று சேகரித்தல்

மொத்த வேலையில் பாதிக்கு மேல் இங்கேதான் போகும். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லாப் படிகளும் வீண்.

சான்று என்றால் எழுத்தாளரோடு தொடர்பில்லாத ஒருவர், ஆசிரியர் குழுவின் பார்வைக்குப் பிறகு வெளியிட்டது. நாளிதழின் இரங்கல் செய்தி, இதழ்க் கட்டுரை, ஆய்வு நூல், இலக்கிய வரலாற்று நூல், விருது வழங்கிய அமைப்பின் அறிவிப்பு ஆகியவை செல்லும். எழுத்தாளரே எழுதிய முன்னுரையும் தன்வரலாற்றுப் பத்தியும் பிறந்த ஊர், படித்த பள்ளி போன்ற எளிய தகவல்களுக்கு மட்டும் செல்லும். "நான்தான் முதன்முதலில் எழுதினேன்" என்பதற்கு அவரே சான்றாக முடியாது.

வாட்ஸ்அப்பில் வந்தது, முகநூல் நினைவுக் குறிப்பு, நூலின் பின்னட்டை, இணையக் கடையின் விற்பனைக் குறிப்பு ஆகியவை செல்லாது. பின்னட்டை எழுதப்படுவது விற்பதற்காக. விற்பனைத் தளங்களிலோ ஆசிரியர் பெயரே சில நேரம் மாறியிருக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சில செய்தித்தளங்கள் எழுத்தாளரின் நினைவு நாளன்று வெளியிடும் வாழ்க்கைக் குறிப்பு, விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்ததாக இருக்கும். அதைச் சான்றாகக் கொடுத்தால் விக்கிப்பீடியாவே தனக்குத் தான் சாட்சி சொன்னதாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செய்தியின் தேதியைப் பாருங்கள், கட்டுரையின் வரலாற்றில் அந்தத் தேதிக்கு முந்தைய பதிப்பைத் திறங்கள். அதே வாக்கியம் அங்கே இருந்தால் அந்தச் சான்றை விட்டுவிடுங்கள்.

பெங்களூரில் அச்சு நூல் தேடுபவர்கள் அல்சூரில் உள்ள தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து தொடங்கலாம். லவ்கிராஃப்ட் போன்றவர்களின் ஆங்கிலத் தொகுப்புகளும் அவற்றின் ஆய்வு முன்னுரைகளும் சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் கிடைக்கும். பழைய இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் இணைய ஆவணக் காப்பகத்தையும் தேடுங்கள்.

நூல் கையில் கிடைத்ததும் மூன்று பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்: தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், உங்களுக்கு வேண்டிய தகவல் இருக்கும் பக்கம். பக்க எண் படத்தில் விழ வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு "எந்தப் பக்கம்?" என்று தலையைச் சொறிவதுதான் வழக்கமாக நடப்பது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைச் சற்று நின்று படியுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், உரிமை, முதற்பதிப்பு, மறுபதிப்புகள், பக்கங்கள், தாள், எழுத்து அளவு, விலை, அச்சகம் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். அதில் "முதற்பதிப்பு" என்ற வரிதான் ஆளைக் கவிழ்ப்பது. அது பெரும்பாலும் அந்தப் பதிப்பகத்தின் முதற்பதிப்பு. சுஜாதாவின் நூல்களைப் பல பதிப்பகங்கள் வெவ்வேறு காலங்களில் வெளியிட்டிருக்கின்றன. ஒரே நாவலின் மூன்று பிரதிகளில் மூன்று "முதற்பதிப்பு" ஆண்டுகள் இருக்கலாம், மூன்றுமே அந்தந்தப் பதிப்பகத்தின் கணக்கில் சரி. நாவல் முதலில் வெளியான ஆண்டு என்று அவற்றில் ஒன்றை எடுத்து எழுதினால், எண்பதுகளில் வந்த கதை 2000க்குப் பிறகு எழுதியதாக மாறிவிடும். பிரதியில் இருப்பதை அப்படியே "இன்ன பதிப்பகம், இன்ன ஆண்டுப் பதிப்பு" என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் வெளியீட்டு ஆண்டுக்கு முன்னுரையின் தேதியையோ இதழையோ தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆண்டை எழுதாமல் விடுங்கள். பட்டியலில் ஆண்டு இல்லாத வரி ஒரு குறையே அல்ல.

4. மணல்தொட்டியில் வரைவு

உங்கள் பயனர் பக்கத்தின் கீழ் இருக்கும் மணல்தொட்டியில் எழுதுங்கள். நேரடியாகக் கட்டுரையில் எழுதினால் அரைகுறை வாக்கியத்தை வாசகர் பார்ப்பார். இணைப்பு பாதியில் அறுந்தால் எழுதியதும் போய்விடும்.

கட்டுரையை முழுவதும் நகலெடுத்துக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் திருத்தப்போகும் பத்தி மட்டும் போதும். முழுக் கட்டுரையை எடுத்து வந்து ஒரு வாரம் வேலை பார்த்துத் திரும்ப ஒட்டினால், அந்த ஒரு வாரத்தில் மற்றவர்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் அழிந்துவிடும். பகுப்புகளை (கட்டுரைகளை வகைப்படுத்தும் குறிகள்) மணல்தொட்டிக்குக் கொண்டுவந்தால் உங்கள் வரைவும் "அமெரிக்க எழுத்தாளர்கள்" பட்டியலில் போய் உட்காரும். அவற்றையும் விட்டுவிட்டு வாருங்கள்.

பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுக்கவே வேண்டாம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பாக இருந்தால் கொம்பும் காலும் இடம் மாறி ஒட்டும். பதிப்புரிமைச் சிக்கல் வேறு. படித்துவிட்டு மூடி வைத்து உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

5. முதல் பத்தி

புதியவர் எழுதும் முதல் வரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"தமிழ் அறிவியல் புனைகதையின் முடிசூடா மன்னன் சுஜாதா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கண்டுபிடித்த மாமேதை ஆவார்."

அன்பால் எழுதிய வரிதான். ஆனால் கலைக்களஞ்சியத்தில் நிற்காது. "முடிசூடா மன்னன்" யார் சொன்னது? "மாமேதை" யாருடைய மதிப்பீடு? இரண்டுக்கும் சான்று கொடுக்க முடியாது. "கண்டுபிடித்த" என்பதோ தகவல் பிழை. வாக்குப்பதிவு இயந்திரம் ஒருவர் தனியாகக் கண்டுபிடித்தது அல்ல. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் தேர்தல் ஆணையத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் பயன்பட்டது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் அந்தப் பணியை மேற்பார்வையிட்டவர் என்பதே சுஜாதாவின் பங்கு. அதுவே போதுமான பெருமை.

இப்படி எழுதலாம்:

"சுஜாதா (இயற்பெயர்: எஸ். ரங்கராஜன், 3 மே 1935 – 27 பெப்ரவரி 2008) தமிழ் எழுத்தாளர், பொறியாளர். சிறுகதை, நாவல், நாடகம், அறிவியல் கட்டுரை, திரைப்பட வசனம் ஆகியவற்றை எழுதினார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு வகித்தார்."

கடைசி வாக்கியத்துக்கு உடனே சான்று தேவை. பிறப்பு, இறப்புத் தேதிகளுக்கான சான்றை வாழ்க்கைப் பகுதியில் கொடுத்தால் போதும்.

பெப்ரவரியா, பிப்ரவரியா என்று கேட்பீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழக வழக்கும் இலங்கை வழக்கும் சேர்ந்தே வாழ்கின்றன. ஒரு கட்டுரையில் எது இருக்கிறதோ அதையே தொடருங்கள். அதை மாற்றுவதற்காக மட்டும் ஒரு திருத்தம் செய்யாதீர்கள். அதைப்போலவே கிரந்த எழுத்துகளை நீக்குவது, சேர்ப்பது. பல ஆண்டுகளாக விவாதம் நடக்கும் இடம் அது. புதியவர் அங்கே தொடங்குவது நல்லதல்ல.

6. வாழ்க்கைப் பகுதி

கால வரிசையில் எழுதுங்கள்: பிறப்பு, படிப்பு, வேலை, எழுத்து, இறப்பு. "இன்று", "சமீபத்தில்", "தற்போது" என்ற சொற்களைத் தவிருங்கள். ஐந்து ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அவை பொய்யாகிவிடும். ஆண்டைப் போடுங்கள்.

இரண்டு சான்றுகள் முரண்பட்டால் உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்காதீர்கள். "இன்ன நூல் இப்படிச் சொல்கிறது, இன்ன இதழ் அப்படிச் சொல்கிறது" என்று இரண்டையும் எழுதுங்கள்.

குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களின் பெயர், முகவரி, வேலை ஆகியவற்றைத் தவிருங்கள். எழுத்தாளர் பொதுவாழ்வில் இருந்தவர். பேரப்பிள்ளைகள் அப்படி அல்ல. சுஜாதா என்ற புனைபெயர் அவருடைய மனைவியின் பெயர் என்பது எழுத்தோடு தொடர்புடைய செய்தி, அதனால் இடம் உண்டு.

விரும்பத்தகாத செய்திகளும் வாழ்க்கைப் பகுதிக்குள் வரும். லவ்கிராஃப்டின் கடிதங்களிலும் சில கதைகளிலும் இனவெறி வெளிப்படையாகவே இருக்கிறது. உலகக் கற்பனைப் புனைவு விருதின் கோப்பையாக இருந்த அவருடைய தலைச் சிலையை மாற்றுவதாக 2015இல் அறிவித்தார்கள். ரசிகர் இதை மறைக்கக் கூடாது, பிடிக்காதவர் இதைக் கொண்டே கட்டுரையை நிரப்பவும் கூடாது. ஆய்வு நூல்கள் இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கின்றனவோ அந்த அளவு நாமும் கொடுக்கலாம்.

7. படைப்புகள் பட்டியல்

அதிகப் பிழைகள் சேரும் இடம் இதுதான். தமிழ் எழுத்தாளருக்கு முக்கியக் காரணம் தொடர்கதை. இதழில் தொடராக வந்த ஆண்டு வேறு, நூலாக வந்த ஆண்டு வேறு. பட்டியலுக்கு முன்னால் "ஆண்டுகள் நூல் வடிவத்தைக் குறிக்கும்" என்றோ "இதழில் வெளியான ஆண்டைக் குறிக்கும்" என்றோ ஒரு வரி எழுதிவிட்டு, அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

பெயர் மாற்றம் அடுத்தது. சுஜாதா குமுதத்தில் "கருப்பு சிவப்பு வெளுப்பு" என்ற தொடரைத் தொடங்கினார். எதிர்ப்பு வந்து அது நின்றது. பிறகு அதே களத்தில் "ரத்தம் ஒரே நிறம்" வந்தது. இதை இரண்டு நாவலாக எண்ணுபவர்கள் உண்டு. ஒரே வரியில் எழுதி, முந்தைய பெயரை அருகில் குறிப்பிடுங்கள். கணையாழி இதழில் அவர் எழுதிய பத்திகளைத் தேடுபவர்கள் "ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்." என்ற பெயரையும் தேட வேண்டும்.

வகை பிரிப்பது இன்னொரு கண்ணி. "என் இனிய இயந்திரா", அதன் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ" இரண்டும் அறிவியல் புனைகதை என்பதில் தகராறு இல்லை. வழக்கறிஞர்கள் கணேஷ், வசந்த் வரும் "கொலையுதிர் காலம்" எதில் சேரும்? பேயா, அறிவியலா என்ற இரண்டு விளக்கங்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு போகும் கதை அது. துப்பறியும் கதை என்பார்கள், திகில் என்பார்கள், அறிவியல் புனைகதை என்பார்கள். நீங்களே தீர்ப்புச் சொன்னால் அது சொந்த ஆய்வு, அதாவது வெளியான சான்றில்லாத உங்கள் முடிவு. விமர்சகர் ஒருவர் எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். இல்லாவிட்டால் "நாவல்கள்" என்ற பொதுத் தலைப்பின் கீழ் வைத்துவிடுங்கள்.

திரைப்படங்களைத் தனியாகப் பிரியுங்கள். நாவலை வைத்து எடுத்த படம் (1978இல் வந்த "ப்ரியா" போல) ஒரு பட்டியல். அவர் வசனம் எழுதிய படம் (1992இல் வந்த "ரோஜா" போல) இன்னொரு பட்டியல். இரண்டையும் கலந்தால் ரோஜாவின் கதையே அவருடையது என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

வெளிநாட்டு எழுத்தாளரிடம் சிக்கல் வேறு உருவத்தில் வரும். லவ்கிராஃப்ட் 1937இல் இறந்தார். அவருடைய நண்பர் ஆகஸ்ட் டெர்லெத், அவர் விட்டுச்சென்ற துண்டுக் குறிப்புகளை வைத்துத் தானே கதைகளை எழுதி, இருவர் பெயரிலும் வெளியிட்டார். 1945இல் வந்த "தி லர்க்கர் அட் தி த்ரெஷோல்டு" அப்படிப்பட்டது. அதில் பெரும்பகுதி டெர்லெத்தின் கை. அட்டையில் பெயர் இருக்கிறதே என்று லவ்கிராஃப்டின் நாவல்களில் சேர்க்காதீர்கள். "மறைவுக்குப் பின் பிறர் முடித்தவை" என்று தனித் தலைப்பு வையுங்கள். 1924இல் வியர்டு டேல்ஸ் இதழில் மாயவித்தைக்காரர் ஹூடினி பெயரில் வந்த எகிப்துக் கதையை உண்மையில் எழுதியவர் லவ்கிராஃப்ட். அது பட்டியலில் வர வேண்டும், குறிப்போடு.

திகில் எழுத்தாளர்களிடம் மட்டும் வரும் விசித்திரமான பிழையும் உண்டு. கதைக்குள் வரும் கற்பனை நூலை உண்மை நூலாக எண்ணிப் பட்டியலில் சேர்ப்பது. லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் "நெக்ரோனோமிகான்" அவரே கற்பனை செய்தது. பிற்காலத்தில் அந்தப் பெயரில் பலர் நூல்களை வெளியிட்டிருப்பதால் கடைகளில் பார்த்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

8. கதைச் சுருக்கம், மேற்கோள் வரிகள்

எழுத்தாளர் பக்கத்தில் ஒரு படைப்புக்கு இரண்டு, மூன்று வாக்கியம் போதும். நீளமாக எழுத ஆசையிருந்தால் அந்த நாவலுக்குத் தனிக் கட்டுரை தொடங்கலாம். அங்கே முடிவையும் சொல்லத்தான் வேண்டும், "முடிவை நூலில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று நிறுத்துவது அட்டைக் குறிப்பின் மொழி. கதையை நிகழ்காலத்தில் சொல்லுங்கள், "ஜீனோ பேசுகிறது" என்று (ஜீனோ, "என் இனிய இயந்திரா"வில் வரும் இயந்திர நாய்). நூல் வெளியானதை இறந்தகாலத்தில் சொல்லுங்கள்.

புகழ்பெற்ற வரி என்று எதையும் நம்பி ஒட்டாதீர்கள். தன் கதைகள் எல்லாம் சூனிய மந்திரம் செய்து உலகை இழந்த ஓர் இனத்தைப் பற்றியவை என்று லவ்கிராஃப்ட் சொன்னதாக ஒரு மேற்கோள் பல பதிப்புகளில் இருக்கிறது. அவர் கடிதங்களில் அது இல்லை. அவரோடு கடிதத் தொடர்பில் இருந்த ஒருவர் டெர்லெத்துக்கு எழுதியதிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சுஜாதா சொன்னதாக உலவும் வரிகளுக்கும் இதே சோதனைதான்: எந்த நூல், எந்தப் பக்கம்? விடை இல்லையென்றால் கட்டுரையில் இடமில்லை.

9. சான்றை இணைத்தல்

காட்சித் தொகுப்பியில் (பக்கம் தெரியும் வடிவிலேயே திருத்தும் கருவி) வாக்கியத்தின் முற்றுப்புள்ளிக்கு அடுத்துச் சுட்டியை வைத்து மேற்கோள் பொத்தானை அழுத்துங்கள். மூன்று வழிகள் வரும்: தானியங்கி, கைமுறை, ஏற்கெனவே உள்ளதை மீண்டும் பயன்படுத்துதல்.

தானியங்கியில் இணைய முகவரியோ ஐஎஸ்பிஎன் எண்ணோ கொடுத்தால் தானே நிரப்பும். தமிழ் நூலின் ஐஎஸ்பிஎன் கொடுத்தால் தலைப்பும் ஆசிரியர் பெயரும் பல நேரம் ரோமன் எழுத்தில், மேலே கோடும் கீழே புள்ளியுமாக வந்து விழும். உலக நூலகப் பட்டியல்களிலிருந்து அது எடுக்கப்படுவதால் அப்படி. தொகு என்பதை அழுத்தித் தமிழில் மாற்றுங்கள். செய்தித்தளங்களின் முகவரியைக் கொடுத்தால் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தளத்தின் பெயர் வந்து உட்காரும். அதையும் சரிபாருங்கள்.

பழைய தமிழ் நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. கைமுறையில் நூல் என்பதைத் தேர்ந்து ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், இடம், ஆண்டு, பக்கம் ஆறையும் நிரப்புங்கள். நூலகத்தில் எடுத்த மூன்று படங்களும் இப்போது கைகொடுக்கும். ஒரே நூலை நான்கு இடங்களில் பயன்படுத்தினால் நான்கு முறை புதிதாக இடாமல் மூன்றாவது வழியைப் பயன்படுத்துங்கள்.

ஒரு பத்தியின் கடைசியில் ஒரே ஒரு சான்றைப் போட்டுவிட்டு மேலே உள்ள ஐந்து தகவலுக்கும் அதுதான் என்று விடாதீர்கள். பிறகு ஒருவர் நடுவில் புதிய வாக்கியம் ஒன்றைச் சேர்த்தால், அதற்கும் அதே நூல் சான்று என்று தோன்றிவிடும்.

10. ஆங்கிலத்திலிருந்து கொண்டுவரும்போது

விக்கிப்பீடியாவின் உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவி இயந்திர மொழிபெயர்ப்பை நிரப்பிக் கொடுக்கும். அதை அப்படியே வெளியிடுவதுதான் தமிழ் விக்கிப்பீடியாவில் நிருவாகிகளுக்கு அதிக வேலை வைப்பது. ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படியுங்கள். வினை எங்கே இருக்கிறது, யார் செய்தது என்று உடனே புரியாவிட்டால் அழித்துவிட்டு நீங்களே எழுதுங்கள். பெங்களூரில் கன்னட, ஆங்கில வழியில் படித்தவர்கள் ஒற்றுப்பிழைக்கும் ல, ள, ழ மயக்கத்துக்கும் வீட்டிலோ நட்பிலோ தமிழ் படித்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

பெயர்களை ஒலிக்கும்படி எழுதுங்கள், ஒரே வடிவத்தைக் கடைசிவரை வையுங்கள். எச். பி. லவ்கிராஃப்ட், ஹெச். பி. லவ்கிராப்ட் என்று தேடுபவர்கள் இருவருக்கும் பக்கம் கிடைக்க வேண்டும். ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதற்கு #வழிமாற்று [[எச். பி. லவ்கிராஃப்ட்]] என்று ஒரு வரியில் பக்கம் உருவாக்குங்கள். கதைத் தலைப்புகளைத் தமிழில் நீங்களே மொழிபெயர்த்து அதுதான் பெயர் என்று நிறுத்தாதீர்கள். ஒலிபெயர்ப்பை முதலில் எழுதி, பொருளை அடுத்து விளக்குங்கள். அச்சில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் மட்டும் அந்தத் தலைப்பைப் பயன்படுத்துங்கள்.

ஆங்கிலக் கட்டுரையை எழுதியவர்களுக்கு உரிய பெயரைக் கொடுத்தாக வேண்டும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் நிபந்தனை அது. தொகுப்புச் சுருக்கத்தில் "ஆங்கில விக்கிப்பீடியாவின் இன்ன கட்டுரையிலிருந்து மொழிபெயர்ப்பு, பங்களிப்பாளர்கள் அதன் வரலாற்றுப் பக்கத்தில்" என்று எழுதி இணைப்புக் கொடுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் இருக்கும் சான்றுகளைத் திறந்து பார்க்காமல் நகலெடுக்க வேண்டாம். இறந்துபோன இணைப்புகள் அப்படித்தான் தமிழுக்கு வந்து சேர்கின்றன.

11. படம், பகுப்பு, விக்கித்தரவு

கூகுளில் கிடைத்த படத்தைப் பொதுவகத்தில் ஏற்றாதீர்கள், அழிக்கப்படும். நீங்களே எடுத்த படமாக இருக்க வேண்டும், அல்லது எடுத்தவர் உரிமத்தோடு வெளியிட்டிருக்க வேண்டும். நூல் அட்டையின் உரிமை ஓவியருக்கோ பதிப்பகத்துக்கோ உரியது. நூல் உங்கள் அலமாரியில் இருக்கிறது என்பதால் அட்டை உங்களுடையதாகாது.

பகுப்புகள் குறுகலாக இருக்கட்டும். 1890 பிறப்புகள், 1937 இறப்புகள், அமெரிக்க எழுத்தாளர்கள் என்று மூன்று, நான்கு போதும். புதிய கட்டுரையாக இருந்தால் விக்கித்தரவில் அதே எழுத்தாளரின் உருப்படியோடு இணையுங்கள். இதைச் செய்தால்தான் பக்கத்தில் பிற மொழி இணைப்புகள் தோன்றும்.

12. வெளியிடுதலும் அதன் பிறகும்

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். வாழ்க்கைப் பகுதிக்கு ஒரு திருத்தம், பட்டியலுக்கு ஒரு திருத்தம் என்று பிரித்துச் சேமியுங்கள். ஒன்றில் பிழை இருந்தால் அதை மட்டும் மீளமைக்கலாம், மற்றவை தப்பிக்கும். ஒவ்வொன்றிலும் தொகுப்புச் சுருக்கத்தை நிரப்புங்கள். "திருத்தம்" என்று மட்டும் எழுதாமல் "பதிப்பு ஆண்டு திருத்தம், நூலின் 4ஆம் பக்கச் சான்றுடன்" என்று எழுதுங்கள். வெளியிடும் முன் முன்தோற்றத்தைப் பாருங்கள். சதுர அடைப்பு ஒன்று மூடாமல் விட்டால் அங்கேயே தெரியும்.

சேமித்ததும் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேருங்கள். உங்கள் திருத்தத்தை ஒருவர் நீக்கினால் உடனே திரும்பப் போடாதீர்கள். இரண்டாம் முறை போட்டால் அது தொகுத்தல் சண்டை, சரியான சான்று கையில் இருந்தாலும் தவறு உங்கள் பக்கம் சாயும். உரையாடல் பக்கத்தில் புதிய தலைப்பிட்டு, எந்த வாக்கியம், எந்தச் சான்று, எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். கடைசியில் நான்கு அலைக்கோடுகள் ~~~~ போட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானே விழும். நீக்கியவரையும் அங்கே பெயர் சொல்லி அழையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கம்) கேளுங்கள், அனுபவமுள்ள ஒருவர் வந்து பார்ப்பார்.